மாதம் 32 பக்கம்: சார்லஸ் டிக்கன்ஸின் எழுத்து வாழ்க்கையை நடத்திய கணக்கு

சார்லஸ் டிக்கன்ஸின் நாவல்கள் ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்டால் பலரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும்: வார்த்தைக்கு இத்தனை காசு என்று வாங்கினார், அதனால் இழுத்தார். இந்தக் கதையில் உண்மை இல்லை. பதிப்பாளர்களோடு அவர் போட்ட ஒப்பந்தங்களில் பேசப்பட்டது பக்கம். அதுவும் எத்தனை பக்கம் என்பது முன்பே முடிவாகியிருக்கும். மாதப் பகுதிகளாக வெளிவந்த அவருடைய பெரிய நாவல்களில் அது மாதம் 32. 33 எழுதினால் கூடுதல் பணம் கிடைக்காது, மெய்ப்பில், அதாவது திருத்துவதற்காக எடுக்கும் அச்சுப் படியில், வெட்டத்தான் வேண்டும். 30 எழுதினால் அச்சகத்தில் இரண்டு பக்கம் வெறுமையாக நிற்கும், அதை நிரப்பாமல் இதழ் வெளியே போகாது. ஆக, அவர் பட்ட பாடெல்லாம் அளவாக நிரப்புவதற்குத்தான். 1836 முதல் 1870 வரை அவருடைய வரவு செலவு, சண்டை சச்சரவு, கதைப்பின்னல், உடல்நலம் எல்லாவற்றிலும் இந்த அளவின் தடம் தெரிகிறது.

அந்த மாதப் பகுதி எப்படி இருந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் 16 பக்க ஃபாரம் இரண்டு, சேர்த்து 32 பக்கம். எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட இரண்டு படங்கள். முன்னும் பின்னும் விளம்பரத் தாள்கள். எல்லாவற்றுக்கும் மேலே பச்சை நிறக் காகித அட்டை. விலை ஒரு ஷில்லிங். மாதத்தின் கடைசி நாளில் லண்டன் புத்தகக் கடைகளுக்குக் கட்டுக்கட்டாகப் போய்ச் சேரும். ஒரு நாவலுக்கு 20 பகுதிகள், ஆனால் 19 மாதங்கள். கடைசி இரண்டு பகுதிகளும் ஒன்றாக, இரண்டு ஷில்லிங்குக்கு வரும். அதில் கதை 48 பக்கம்தான். மீதி இடத்தை முகப்புப் பக்கம், முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் எடுத்துக்கொள்ளும். வாசகர் 19 மாதப் பகுதிகளையும் பைண்டரிடம் கொடுத்தால் முழுப் புத்தகமாகிவிடும். 18 பகுதிகளை 32-ஆல் பெருக்கி 48-ஐக் கூட்டினால் 624. 'டாம்பி அண்ட் சன்', 'டேவிட் காப்பர்ஃபீல்ட்', 'ப்ளீக் ஹவுஸ்' ஆகியவற்றின் முதல் பதிப்பைத் திறந்து கடைசிப் பக்க எண்ணைப் பாருங்கள். மூன்றிலும் 624-தான்.

அன்று புது நாவல் என்றால் வழக்கமாக மூன்று பாகங்களாக, 31 ஷில்லிங் 6 பென்ஸுக்கு வரும். ஒரு சாதாரணக் குமாஸ்தா அதைக் காசு கொடுத்து வாங்கமாட்டார், வாடகை நூலகத்தில்தான் எடுப்பார். மாதப் பகுதிகளின் மொத்தச் செலவோ 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு, அதையும் மாதம் ஒன்றாகக் கொடுத்தால் போதும். பதிப்பாளருக்கு இன்னும் லாபம். முதல் மாதத்து விற்பனைப் பணத்தில் அடுத்த மாதத்துக் காகிதத்தை வாங்கலாம், விளம்பர வருமானம் தனி, கதை எடுபடாவிட்டால் சீக்கிரம் தெரிந்துவிடும். இந்த ஏற்பாட்டில் கஷ்டப்பட்டவர் எழுத்தாளர் ஒருவர்தான். முதல் பகுதி வாசகர் கைக்குப் போன பிறகு அதில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. பதினெட்டாவது மாதத்தில் வேறு யோசனை வந்தாலும் முதல் மாதம் எழுதியதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

மை டப்பியிலிருந்து சுருக்கெழுத்துக்கு

டிக்கன்ஸ் 1812 பிப்ரவரி 7 அன்று போர்ட்ஸ்மத்தில் பிறந்தார். தகப்பனார் ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா. வருமானத்தைத் தாண்டிச் செலவு செய்யும் மனிதர். 1824 பிப்ரவரியில் ஒரு ரொட்டிக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய 40 பவுண்டுக் கடனுக்காக அவரை மார்ஷல்ஸீ சிறையில் போட்டார்கள். அதற்குச் சற்று முன்பே பன்னிரண்டு வயதுப் பையனை ஹங்கர்ஃபோர்டு படித்துறையை ஒட்டிய பூட்ஸ் மைத் தொழிற்சாலையில் வேலைக்கு விட்டிருந்தார்கள். மைக் குடுவையின் வாயை எண்ணெய்த் தாளால் மூட வேண்டும், அதன்மேல் நீலத் தாள், பிறகு கயிற்றால் கட்டு, ஓரத்தைச் சீராக நறுக்கு, லேபிளை ஒட்டு. வாரக் கூலி ஆறு அல்லது ஏழு ஷில்லிங். தகப்பனார் மே மாத இறுதியில் விடுதலையான பிறகும் பையனின் வேலை உடனே நிற்கவில்லை. பின்னால் தகப்பனார் அவனை நிறுத்தியபோதும் திரும்ப அனுப்பலாம் என்று தாயார் சொன்னார். அதை டிக்கன்ஸ் கடைசிவரை மறக்கவில்லை.

இந்த விவரத்தை உயிரோடு இருந்தவரை நண்பர் ஜான் ஃபார்ஸ்டரைத் தவிர வெளியார் யாரிடமும் அவர் பேசியதாகத் தெரியவில்லை. ஆனால் 1849 ஆகஸ்ட்டில் வந்த 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நான்காம் பகுதியில், முன்பு எழுதிப் பாதியில் விட்டிருந்த சுயசரிதைத் துண்டைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துச் சேர்த்தார். மைக் குடுவை மதுப் புட்டியாக மாறியது. ஒரு ஷில்லிங் கொடுத்துப் படித்தவர்களுக்கு அது கற்பனை. உண்மை தெரிந்தது, அவர் இறந்தபின் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தபோதுதான்.

பதினைந்து வயதில் வக்கீல் ஆபீஸில் எடுபிடிக் குமாஸ்தா வேலை. அங்கிருந்தபடியே கர்னி முறைச் சுருக்கெழுத்தைக் கற்றார். பழகக் கடினமான முறை அது, பலர் பாதியில் கைவிட்டார்கள். பிறகு நீதிமன்ற நிருபர், நாடாளுமன்ற நிருபர். 1834-இல் 'மார்னிங் க்ரானிக்கிள்' நாளிதழில் வாரம் ஐந்து கினி (ஐந்தே கால் பவுண்டு) சம்பளம். தேர்தல் கூட்டங்களுக்குப் போய், ஓடும் குதிரை வண்டிக்குள் முழங்கால்மேல் தாளை வைத்து இரவோடு இரவாகப் பேச்சுகளைப் பெயர்த்தெழுதி அச்சகத்துக்குச் சேர்த்தார். குறித்த நேரத்துக்கு மேட்டர் கொடுப்பது என்ன என்பதை அங்கேதான் படித்தார். முதல் கதை 1833 டிசம்பரில் 'மன்த்லி மேகசின்' இதழில் சம்பளமில்லாமல் வந்தது. அடுத்த ஆண்டு 'பாஸ்' என்ற புனைபெயர் சேர்ந்தது.

படத்துக்கு எழுத வந்தவர்

1836-இல் சாப்மன் அண்ட் ஹால் பதிப்பகம் அவரைக் கூப்பிட்டது நாவல் எழுத அல்ல. ராபர்ட் சீமோர் என்ற ஓவியர் வேட்டை, மீன்பிடி என்று தடுமாறும் நகரத்து ஆட்களைப் பற்றி நகைச்சுவைப் படங்கள் போடுவார். அவற்றை இணைக்கும் எழுத்து வேண்டும். மாதம் நான்கு படம், 24 பக்கம். கூலி 14 பவுண்டுக்குச் சற்று மேல். டிக்கன்ஸுக்கு அப்போது 24 வயது, கல்யாணம் ஏப்ரல் 2-ஆம் தேதி. எனவே முதல் இரண்டு பகுதிகளின் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். வேட்டை பற்றித் தனக்குத் தெரியாது, படம் எழுத்தைத் தொடரட்டும் என்று முதலிலேயே சொல்லியும் விட்டார்.

இரண்டாம் பகுதி வருவதற்கு முன், ஏப்ரல் 20 அன்று, சீமோர் துப்பாக்கியால் சுட்டுத் தற்கொலை செய்துகொண்டார். முதல் பகுதியும் ஆயிரம் படிகள் மட்டுமே அச்சான சாதாரணச் சரக்கு. அந்த இடத்தில் திட்டத்தைக் கைவிட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பதிப்பாளர்கள் வேறு முடிவு எடுத்தார்கள்: படம் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தது, எழுத்து 24 பக்கத்திலிருந்து 32 ஆகக் கூடியது. அடுத்து வந்த ஓவியருக்குச் செதுக்குவேலை கைவரவில்லை. அதன் பிறகு ஹாப்லோ பிரவுன் வந்தார். 'பாஸ்' என்பதற்குப் பொருத்தமாக 'ஃபிஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் கூட இருந்தார். நான்காம் பகுதியில் சாம் வெல்லர் என்ற பூட்ஸ் துடைக்கும் வேலைக்காரன் நுழைந்ததும் விற்பனை ஏறத் தொடங்கியது. 'பிக்விக் பேப்பர்ஸ்' என்ற இந்தத் தொடர் 1837 நவம்பரில் முடியும்போது மாதம் 40,000 படிகள். 32 பக்கம், இரண்டு படம் என்ற வடிவம் இப்படி ஒரு சாவையும் அவசர ஏற்பாட்டையும் ஒட்டிப் பிறந்தது. பிறகு நாவலாசிரியர் தாக்கரே உள்பட ஏராளமானோர் அதே அளவில் எழுதினார்கள்.

இருபத்தைந்து வயதில் கிடைத்த புகழோடு ஒரு தவறும் சேர்ந்து வந்தது: கேட்டவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 'பிக்விக்' பாதியில் இருக்கும்போதே ரிச்சர்ட் பென்ட்லியின் மாத இதழுக்கு ஆசிரியராகி, அதில் 1837 பிப்ரவரியிலிருந்து 'ஆலிவர் ட்விஸ்ட்' தொடரையும் ஆரம்பித்தார். ஒரே மாதத்தில் ஒன்றில் சிரிக்க வைக்க வேண்டும், மற்றதில் அநாதைப் பையனைப் பட்டினி போட வேண்டும். 'பிக்விக்' முடிந்து மூச்சு விடுவதற்குள், 1838 ஏப்ரலில், 'நிக்கலஸ் நிக்கல்பி'. இடையில் மே 7, 1837 அன்று மனைவியின் தங்கை மேரி ஹோகார்த் 17 வயதில் திடீரென இறந்தார். அந்த ஜூனில் மட்டும் இரண்டு தொடர்களும் வரவில்லை. இரண்டு தொடர்களும் ஒரே மாதத்தில் நின்றது அப்போது மட்டும்தான்.

பென்ட்லியோடு சண்டை மூண்டதற்கும் பக்கக் கணக்கு ஒரு காரணம். ஒப்பந்தப்படி வர வேண்டிய பக்கங்கள் குறைந்தபோது பென்ட்லி பணத்தைப் பிடித்தார். இதழ் யார் பெயரால் விற்கிறது என்பது டிக்கன்ஸுக்குத் தெரியும். கடைசியில் 1840-இல் சாப்மன் அண்ட் ஹால் கொடுத்த கடனில், 2,250 பவுண்டு கட்டி 'ஆலிவர் ட்விஸ்ட்' உரிமையையும் தன்னையும் மீட்டுக்கொண்டார். பென்ட்லியைக் கொள்ளைக்காரர் என்று திட்டிய டிக்கன்ஸ், கையெழுத்துப் போட்டது தன் கைதான் என்பதை எங்கும் பெரிதாக எடுத்துப் பேசவில்லை.

விற்பனை இறங்கியபோது

'நிக்கல்பி' முதல் பகுதி ஏறக்குறைய 50,000 விற்றது. 1843-இல் தொடங்கிய 'மார்ட்டின் சஸல்விட்' 20,000-ஐ ஒட்டியே நின்றது. கதாநாயகனை அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றியும் 23,000-ஐத் தாண்டவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது: வருமானம் போதாவிட்டால் எழுத்தாளரின் மாதப் பணம் 200 பவுண்டிலிருந்து 50 பவுண்டைப் பிடித்துக்கொள்ளலாம். பங்குதாரர் வில்லியம் ஹால் அதைப் பேச்சுவாக்கில் நினைவூட்டினார். டிக்கன்ஸ் அன்றே அந்த நிறுவனத்தை விட்டு விலகுவதென்று தீர்மானித்துவிட்டார்.

கடனை அடைக்க அவர் கண்ட வழி 'கிறிஸ்துமஸ் கேரல்'. 'சஸல்விட்' பகுதிகளுக்கு நடுவே ஆறு வாரத்தில் எழுதினார். பதிப்புச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டு லாபம் முழுவதையும் எடுத்துக்கொள்வது திட்டம். 1843 டிசம்பர் 19 அன்று வெளியானது, கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளுக்குள் 6,000 படிகளும் தீர்ந்தன. ஆயிரம் பவுண்டு வரும் என்று காத்திருந்தவருக்குக் கிடைத்தது 230. எங்கே போனது பணம்? பக்க ஓரங்களுக்குத் தங்கப் பூச்சு, கையால் வண்ணம் தீட்டிய நான்கு படங்கள், இரண்டு வண்ண முகப்புப் பக்கம். உள் அட்டைக்குப் பூசிய பச்சை கையில் ஒட்டுகிறது என்று கடைசி நேரத்தில் மஞ்சளாக மாற்றினார்கள். இத்தனைக்கும் பிறகு விலை ஐந்து ஷில்லிங் மட்டும், அதையும் நிர்ணயித்தவர் அவரே. அடுத்த மாதமே ஒரு மலிவுப் பதிப்பாளர் கதையைத் திருடி அச்சிட்டார். டிக்கன்ஸ் வழக்குப் போட்டு ஜெயித்தார், திருடியவர்கள் திவாலாகிவிட்டார்கள், வழக்குச் செலவு சுமார் 700 பவுண்டு ஜெயித்தவர் தலையில் விழுந்தது. அடுத்த சில வருஷங்களில் நீதிமன்றத்தைப் பற்றி அவர் எழுதியதில் இருக்கும் கசப்புக்கு இதுவும் காரணம்.

1844-இல் அச்சகத்தாரான பிராட்பரி அண்ட் இவான்ஸிடம் போனார். 2,800 பவுண்டு முன்பணம், அடுத்த எட்டு வருஷம் எழுதுவதில் அவர்களுக்குக் கால் பங்கு.

நீலத் தாளில் ஒரு திட்டம்

1846 அக்டோபரில் தொடங்கிய 'டாம்பி அண்ட் சன்' தொடரிலிருந்து அவர் வேலை செய்யும் விதமே மாறியது. அதுவரை கதை போகிற போக்கில் போனது. இனி ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாள் என்று முன்கூட்டியே திட்டம் போட்டார். இந்தத் தாள்கள் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஃபார்ஸ்டர் சேகரிப்பில் இன்றும் இருக்கின்றன. அவர் எப்படி யோசித்தார் என்று தெரிய இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

தாளைப் படுக்கைவசமாகத் திருப்பி நடுவில் இரண்டாகப் பிரிப்பார். வலது பாதியில் பகுதியின் எண், அத்தியாயத் தலைப்புகள், எழுதி முடித்த பிறகு ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்ற சுருக்கம். இடது பாதி யோசனைக்கு. அங்கே தனக்குத்தானே கேள்வி கேட்டுக்கொள்வார்: இந்த ஆளை இந்த மாதம் கொண்டுவரலாமா? பிறகு வந்து பதில் எழுதுவார்: சரி, வேண்டாம், இப்போது இல்லை, அடுத்த பகுதியில். 'ப்ளீக் ஹவுஸ்' திட்டத் தாளில் தெருப் பெருக்கும் சிறுவன் ஜோவின் பெயருக்கு எதிரே, ஆம் என்றும், கொன்றுவிடு என்றும் இருக்கிறது. இங்கிலாந்தையே அழ வைத்த மரணம், மூலத் தாளில் இரண்டே சொல்.

அளவை எப்படிப் பிடித்தார் என்பது 'ஹார்ட் டைம்ஸ்' திட்டத் தாளில் பச்சைக் கணக்காகவே கிடக்கிறது. தன் கையெழுத்தில் 15 பக்கம் எழுதினால் 'ப்ளீக் ஹவுஸ்' அளவில் ஒரு ஃபாரம், அதாவது 16 அச்சுப் பக்கம். அந்த ஃபாரம் அவருடைய வார இதழான 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' அளவில் பத்தேகால் பக்கம். வாரம் ஐந்து பக்கம் போட வேண்டுமென்றால் கையெழுத்தில் ஏழரைப் பக்கம். மாதப் பகுதிக்கு இதையே திருப்பிப் போட்டால் 30 கையெழுத்துப் பக்கம், ஏறக்குறைய 18,000 ஆங்கிலச் சொற்கள். காலையில் உட்கார்ந்தால் பிற்பகல் இரண்டு மணி வரை இறகுப் பேனாவும் நீல மையுமாக எழுதுவார். பிறகு மைல் கணக்கில் நடை.

இவ்வளவு கணக்குப் போட்டும் தவறியது. தவறுகள் இரண்டு வகை.

மிகுந்துபோவது சமாளிக்கக்கூடியது. 'டாம்பி' முதல் பகுதி ஆறு பக்கம் கூடுதலாக வந்தது, மெய்ப்பில் வெட்டினார். இப்படி வெட்டுப்பட்டவற்றில் பெரும்பாலும் நகைச்சுவைப் பேச்சுகள்தான் போகும். கதைக்கு வேண்டியதைத் தொட முடியாதல்லவா. குறைந்துபோவதுதான் ஆபத்து. 1847 பிப்ரவரியில் அவர் பாரிஸில் இருந்தார். அனுப்பிய அத்தியாயம் எண்ணியதைவிட இரண்டு பக்கம் குறைவு என்று தெரிந்தது. பிப்ரவரி குறுகிய மாதம், கடிதம் போய்த் திரும்ப நேரமில்லை. மறுநாள் காலையே வண்டி பிடித்து லண்டனுக்குப் போய் அந்த இரண்டு பக்கத்தை எழுதிக் கொடுத்தார்.

கையெழுத்தின் நெருக்கம் மாறினால் இந்தக் கணக்கு உடனே பிசகும். உரையாடல் அதிகமானால் வரிகள் பாதியில் முடிந்து அச்சில் இடம் கூடும். வர்ணனை அதிகமானால் பக்கம் சுருங்கும். அவருடைய பிற்காலக் கைப்பிரதிகளில் அடித்தலும் திருத்தலும் மிகுதி, வரிகளும் நெருக்கம். அச்சுக் கோப்பவர்கள் அதைப் படிக்கப் பட்ட பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஓவியர் பக்கத்தில் வேறு விதமான நெருக்கடி. எஃகுத் தகட்டில் செதுக்க நாள் பிடிக்கும். அதனால் அத்தியாயத்தை எழுதுவதற்கு முன்பே எந்தக் காட்சிக்குப் படம் என்று பிரவுனிடம் சொல்லியாக வேண்டும். சொன்னபின் கதையை மாற்ற முடியாது, படம் ஒன்று எழுத்து ஒன்றாகிவிடும். மேலட்டைப் படம் இன்னும் சிக்கலானது. முதல் பகுதியிலேயே அது அச்சாக வேண்டும், கதை முழுவதையும் கோடிகாட்ட வேண்டும், ஆனால் எதையும் உடைத்துவிடக் கூடாது. எழுதாத நாவலுக்கு அட்டை!

வாசகர்களும் கதை முடியும்வரை சும்மா இருக்கமாட்டார்கள். 'காப்பர்ஃபீல்ட்' தொடரில் மிஸ் மவுச்சர் என்ற குள்ளமான பெண் 1849 டிசம்பரில் சற்றே கெட்டவளாக அறிமுகமானாள். டிக்கன்ஸின் வீட்டுக்கு அருகில் வசித்த ஒரு பெண், அது தன்னைத்தான் குறிக்கிறது என்று மனம் நொந்து எழுதினார். சில மாதம் கழித்து மவுச்சர் திரும்ப வந்தபோது நல்லவளாக வந்தாள். முன்னுக்குப் பின் முரண் அப்பட்டமாகத் தெரியும், திருத்த வழி இல்லை, டிசம்பர் பகுதி ஏற்கெனவே விற்றுப்போயிருந்தது. 'ப்ளீக் ஹவுஸ்' நாவலில் க்ரூக் தானாகத் தீப்பற்றி எரிந்து சாகிறான். அறிவியலுக்கு ஒவ்வாதது என்று விமர்சகர் ஜி. எச். லூயிஸ் 1852 டிசம்பரில் எழுதினார். ஜனவரிப் பகுதியிலேயே டிக்கன்ஸ் கதைக்குள் பழைய மருத்துவ நூல்களை மேற்கோள் காட்டிக் கிண்டலாகப் பதில் கொடுத்தார். அறிவியலில் லூயிஸ் சொன்னதுதான் சரி. கதையில் அந்தச் சாவை விட்டுக்கொடுக்க முடியாது என்பதும் சரிதான்.

மாதத்துக்கு ஒரு முறை வரும் கதையில் ஐம்பது அறுபது பேரை வாசகர் எப்படி நினைவில் வைத்துக்கொள்வார்? இதற்கு டிக்கன்ஸ் கண்ட உபாயம்தான் ஒவ்வொருவருக்கும் ஒரு முத்திரை. 'காப்பர்ஃபீல்ட்' நாவலில் மிக்காபர் வாயைத் திறந்தால் ஏதாவது ஒரு வழி பிறக்கும் என்பார், யூரையா ஹீப் கையைப் பிசைந்துகொண்டு தன் தாழ்மையைப் பேசுவான். ஒரே மூச்சில் படிப்பவருக்கு இது அலுப்பூட்டலாம். ஆறு மாதம் கழித்து மறுபடி தலைகாட்டும் ஆளை முதல் வரியிலேயே அடையாளம் காண வேண்டிய வாசகருக்கு இதுதான் பிடிமானம். அவருடைய பாத்திரங்கள் தட்டையானவர்கள் என்று குறை சொல்வோர் இந்த 30 நாள் இடைவெளியைக் கணக்கில் எடுப்பதில்லை.

வாரத் தொடரின் நெருக்கடி

1850 மார்ச் 30 அன்று இரண்டு பென்ஸ் விலையில் 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' வார இதழைத் தொடங்கினார். 1854-இல் விற்பனை தளர்ந்தபோது 'ஹார்ட் டைம்ஸ்' எழுதினார், இதழின் விற்பனை இரட்டிப்புக்கு மேல் போனது. ஆனால் வாரம் ஐந்து பக்கத்துக்குள் காட்சி, திருப்பம், அடுத்த வாரத்துக்கு இழுப்பு எல்லாம் அடங்க வேண்டும். கை கால் நீட்ட இடமில்லை என்று புலம்பினார். திட்டத்தை அப்போதும் பழைய மாதப் பகுதிகளாகவே போட்டு, பிறகு வாரங்களாகப் பிரித்தார். அந்த நாவலில் துணைக்கதைகள் இல்லாமல் எலும்பும் தோலுமாக இருப்பதற்கு இந்த அளவே காரணம்.

1858-இல் மனைவி கேத்தரினைப் பிரிந்தார். பத்துப் பிள்ளைகள் பெற்று இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்த பிறகு. முந்திய ஆண்டு எலன் டெர்னன் என்ற இளம் நடிகையைச் சந்தித்திருந்தார். ஊர் பேசியது. ஜூன் 12 அன்று இதழின் முதல் பக்கத்தில் தன் தரப்பை அறிக்கையாகப் போட்டார், அவர் வாழ்க்கையில் செய்த மிக மோசமான ஆசிரியர் பணி அதுதான். பிராட்பரி அண்ட் இவான்ஸ் தங்கள் 'பஞ்ச்' இதழில் அதை வெளியிடவில்லை. அந்தக் கோபத்தில் உறவை முறித்து, ஏலத்தில் தன் பழைய இதழின் பெயரை 3,550 பவுண்டுக்குத் தானே வாங்கி மூடினார். அதற்குச் சற்று முன்பே, 1859 ஏப்ரல் 30 அன்று, 'ஆல் தி இயர் ரவுண்ட்' என்ற புது வார இதழைத் தொடங்கியிருந்தார். முதல் இதழிலேயே 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்'.

அடுத்த வருஷம் சார்லஸ் லீவர் எழுதிய தொடர் ஓடிக்கொண்டிருந்தது, விற்பனை வாரா வாரம் இறங்கியது. டிக்கன்ஸ் அப்போது 20 மாதப் பகுதிகளாக எழுத ஒரு கதையை மனதில் வைத்திருந்தார். இதழைக் காப்பாற்ற அதை வாரத் தொடராகச் சுருக்கி, 1860 டிசம்பர் 1 முதல் 36 வாரம் எழுதினார். அதுதான் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. அவருடைய நாவல்களில் அமைப்பு மிகக் கச்சிதமானது இதுவே. கடைசி அத்தியாயத்தை மெய்ப்பில் படித்த நாவலாசிரியர் புல்வர் லிட்டன் முடிவு சோகமாக இருக்கிறது என்றார். டிக்கன்ஸ் மாற்றி எழுதினார். பழைய முடிவு, நாயகன் பிப்பும் அவன் காதலித்த எஸ்டெல்லாவும் தெருவில் சந்தித்துப் பிரிவது, ஃபார்ஸ்டரின் நூல் வழியாகத்தான் வெளியே வந்தது.

மேடை, ரயில், கடைசி ஒப்பந்தம்

சொந்தக் கதைகளை மேடையில் படித்துக் காசு சம்பாதிப்பதை 1858 ஏப்ரலில் தொடங்கினார். புத்தகத்தைக் கையால் வெட்டிச் சுருக்கித் தனிப் படி தயாரிப்பார். பின்னால் கருஞ்சிவப்புத் திரை, தலைக்கு மேலே எரிவாயு விளக்குச் சட்டம், முன்னால் ஒரு மேஜை. 1867 டிசம்பர் முதல் 1868 ஏப்ரல் வரை அமெரிக்காவில் 76 நிகழ்ச்சிகள். செலவு போக ஏறத்தாழ 19,000 பவுண்டு மிச்சம். எந்த நாவலும் இவ்வளவு வேகத்தில் இவ்வளவு கொடுத்ததில்லை. 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் நான்சி கொலைசெய்யப்படும் காட்சியைப் படிக்கத் தொடங்கியபின் உடல் கேட்கவில்லை. மருத்துவர் ஃபிராங்க் பியர்ட் மேடை ஓரத்தில் நின்று நாடி பிடித்துப் பார்த்தார்: வழக்கமாக 72, கொலைக் காட்சி முடிந்ததும் 110-க்கு மேல், சில இரவுகளில் 120-ஐயும் தாண்டியது. 1869 ஏப்ரலில் பிரெஸ்டனில் சுற்றுப்பயணம் பாதியில் நின்றது.

அதற்கு முன்பே ஒரு விபத்து அவரை ஆட்டியிருந்தது. 1864 மே மாதம் தொடங்கிய 'அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்' முதல் பகுதிக்கு 40,000 அச்சிட்டார்கள், கடைசிப் பகுதி 19,000-க்கு வந்து நின்றது. வேகம் குறைந்ததை அவரே உணர்ந்து, ஐந்து பகுதிகள் கையில் இருந்தாலொழிய வெளியிடத் தொடங்கமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். அந்த வருஷப் பிறந்தநாளன்றுதான், ராணுவத்தில் இருந்த மகன் வால்டர் முந்திய டிசம்பர் 31-இல் கல்கத்தாவில் இறந்துபோன செய்தியும் வந்தது. 1865 ஜூன் 9 அன்று பிரான்சிலிருந்து எலனோடும் அவருடைய தாயோடும் திரும்பும்போது ஸ்டேபிள்ஹர்ஸ்ட் பாலத்தில் ரயில் தடம் புரண்டது. பழுது பார்க்கத் தண்டவாளத்தைக் கழற்றியிருந்தார்கள், மேஸ்திரி கால அட்டவணையைத் தவறாகப் படித்திருந்தார். பத்துப் பேர் இறந்தார்கள். டிக்கன்ஸின் பெட்டி பாலத்தில் தொங்கியது. அடிபட்டவர்களுக்கு பிராந்தியும் தொப்பியில் அள்ளிய தண்ணீரும் கொடுத்தார். பிறகு ஆகஸ்ட் பகுதியின் கைப்பிரதி உள்ளே இருப்பது நினைவுக்கு வர, தொங்கும் பெட்டிக்குள் ஏறி அதை எடுத்து வந்தார்.

அந்தப் பகுதி இரண்டரைப் பக்கம் குறைவாக இருந்தது. 'பிக்விக்' காலத்துக்குப் பிறகு இப்படி நேர்ந்ததே இல்லை என்று ஃபார்ஸ்டருக்கு எழுதினார். பாரிஸிலிருந்து ஓடி வந்த பிப்ரவரி மாதம் அவருக்கு மறந்துவிட்டது போலும்.

கடைசி நாவல் 'எட்வின் ட்ரூட்'. இம்முறை 20 இல்லை, 12 பகுதிகள். சாப்மன் அண்ட் ஹால் 7,500 பவுண்டு தர ஒப்புக்கொண்டது. 1869 டிசம்பரில், முதல் இரண்டு பகுதிகளையும் முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தபோது, இரண்டும் சேர்ந்து 12 பக்கம் குறைகிறது என்று அச்சகம் சொல்லி அனுப்பியது. முப்பது வருஷக் கை அளவு அந்த அளவுக்குத் தப்பியிருந்தது. இரண்டாம் பகுதியின் ஓர் அத்தியாயத்தை முதல் பகுதிக்கு நகர்த்திவிட்டு, இரண்டாவதைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. ஆனாலும் 1870 ஏப்ரலில் முதல் பகுதி வந்தபோது விற்பனை 50,000-ஐத் தொட்டது.

ஆறு பகுதிகளுக்கு எழுதியிருந்தார். ஜூன் 8 அன்று கேட்ஸ் ஹில் வீட்டுத் தோட்டத்துச் சிறு மரவீட்டில் பகல் முழுவதும் எழுதிவிட்டு, மாலை உணவின்போது சாய்ந்தார். மறுநாள் உயிர் பிரிந்தது; ஸ்டேபிள்ஹர்ஸ்ட் விபத்து நடந்து சரியாக ஐந்து ஆண்டு. வயது 58. விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு சுமார் 93,000 பவுண்டு. அதில் பாதியை ஒட்டிய தொகை மேடை வாசிப்பில் சம்பாதித்தது.

'ட்ரூட்' ஒப்பந்தத்தில் அதற்கு முன் எந்த ஒப்பந்தத்திலும் இல்லாத ஒரு ஷரத்தை அவரே கேட்டுச் சேர்த்திருந்தார்: நாவல் முடிவதற்குள் எழுத்தாளர் இறந்தாலோ எழுத முடியாமல் போனாலோ, பதிப்பாளருக்கு எவ்வளவு பணம் திருப்பித் தர வேண்டும் என்பதை ஜான் ஃபார்ஸ்டர் தீர்மானிப்பார்.